பாய் பிடுங்குது, பலகை திரும்புது, கை மரத்துப்போச்சு: பலத்த காற்றில் விண்ட்சர்ஃபிங் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, மதுரையில் கடை. போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால் முதலில் நான் கேட்பது "ஃபியூஸ் பார்த்தீங்களா" என்றுதான். பாதிப் பேர் அந்த வார்த்தையோடு திரும்பிப் போய்விடுவார்கள். இந்தப் புத்தி கடைக்குள் இருந்த அளவுக்குக் கடற்கரையில் எனக்கு இருக்கவில்லை. விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகை மேல் நின்று காற்றில் கடலில் ஓடுவது) பழக ஆரம்பித்த முதல் வருஷம் ஒவ்வொரு முறை விழும்போதும் "நமக்குக் கை பத்தலை" என்று நினைத்துக்கொண்டு வீட்டில் தம்பிள்ஸ் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் கரையில் நின்ற ஒருத்தர் என் பாயைக் கம்பத்தின் அடிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் அடிக்கயிற்றை இரண்டு விரற்கடை இழுத்துக் கட்டிவிட்டு "இப்பப் போங்க" என்றார். போனேன், விழவில்லை. ஒரு வருஷத் தம்பிள்ஸ் வீண்.

அதனால் இதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதைத் தேடிப் படியுங்கள். காற்று பலமாக, அதுவும் விட்டுவிட்டு அடிக்கிற நாளுக்கான குறிப்புகள் இவை. மெல்லிய காற்றில் எப்படிக் கட்டினாலும் ஓடும், அது வேறு கதை.

முதலில் மெயின் சுவிட்ச்: எந்தக் காற்று, எந்தக் கரை

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபம் போகும்போது நிலம் ஒடுங்கிக்கொண்டே வந்து ஒரு நாக்கு மாதிரி நீளும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், ஒன்று சாது, இன்னொன்று முரடு என்பதால். நமக்கு இதில் கிடைக்கும் வசதி, எந்தத் திசைக் காற்று அடித்தாலும் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு கரை இருக்கிறது. ஆபத்தும் அதிலேயேதான் இருக்கிறது.

ஆடி மாதம் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். அப்போது வடக்குக் கரையில் போய் நின்றால் தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி இருக்கும், அலையே இருக்காது, பார்த்ததும் ஆசை வரும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குள் போகிறது. நீங்கள் விழுந்தால், ஏதாவது உடைந்தால், அது உங்களை உள்ளே உள்ளேதான் கொண்டுபோகும். உள்ளே போனால் சர்வதேச எல்லைக்கோடு. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சொச்சம்தான், விளையாட்டு இல்லை. தை, மாசியில் வாடை அடிக்கும்போது எல்லாம் தலைகீழ்: வடக்குக் கரைக்குக் காற்று கடலிலிருந்து வரும், தெற்குக் கரையிலிருந்து உள்ளே தள்ளும்.

காற்று கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வரும் கரையைத் தேர்ந்தெடுங்கள். நேராக முகத்தில் அடித்தால் கிளம்பவே பாடு, முதுகில் அடித்தால் திரும்பி வரப் பாடு. பக்கவாட்டில் வந்து கொஞ்சம் கரையைப் பார்த்துத் தள்ளுகிற காற்றுதான் நல்லது. ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்து விட்டுப் பாருங்கள், செல்போனில் அம்புக்குறி பார்ப்பதைவிட இது மேல்.

செல்போனில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்: சராசரி வேகம், வீச்சு வேகம் (காற்று திடீரென்று எகிறும்போது தொடும் வேகம்). ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். காற்றின் இழுப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 15 நாட் அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று 21 நாட்டுக்கு எகிறினால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பாயின் இழுப்பு இரண்டு மடங்கு. "நல்லாத்தான் போய்ட்டிருந்தேன், திடீர்னு தூக்கி எறிஞ்சிருச்சு" என்று சொல்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் விழுந்தவர்கள். இரண்டு எண்களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் சின்னப் பாயைக் கட்டுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். என் எடைக்கு (72 கிலோ) 15 நாட் சுமாருக்கு ஆறரைச் சதுர மீட்டர் பாய், 20 நாட்டுக்கு ஐந்து. நான் அதிலும் ஒருபடி குறைத்தே கட்டுகிறேன்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தாலோ, 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று, மீனவர்கள் போக வேண்டாம் என்று வானிலை மையம் சொன்னாலோ (நாட்டில் 24 முதல் 30, வீச்சு அதற்கும் மேலே) பலகையைக் காரிலிருந்து இறக்கவே வேண்டாம். காலம் காலமாகக் கடலில் கிடப்பவரே வள்ளத்தைக் கரையேற்றிவிட்டார் என்றால் நமக்கு அங்கே என்ன வேலை.

கோளாறு: தண்ணீரில் கிடக்கும் பாயைத் தூக்கவே முடியவில்லை

எல்லோருக்கும் வரும். பலகை மேல் ஏறி நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கிறீர்கள், பாய் அசைய மாட்டேன் என்கிறது, இடுப்பு போகிறது.

காற்று உங்கள் முதுகில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். முகத்தில் பட்டால் பாய் தப்பான பக்கம் கிடக்கிறது. அப்படியே தூக்கினால் காற்று பாய்க்கு அடியில் புகுந்து உங்கள் மேலேயே தள்ளும். முதலில் பாயைப் பாதி மட்டும் தூக்கிப் பிடித்தபடி பொறுத்திருங்கள், பலகை தானாகச் சுற்றிக்கொள்ளும், காற்று முதுகுக்கு வந்ததும் மீதியைத் தூக்கலாம்.

அது சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் பாய் மேல் தண்ணீர் நிற்கிறது. ஐந்து சதுர மீட்டர் துணி மேல் நாலு விரற்கடைத் தண்ணீர் நின்றால் எத்தனை குடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கையால் இழுக்காதீர்கள். கையை நீட்டி, முழங்காலை மடக்கி, கிணற்றில் வாளி இறைக்கிறவர் மாதிரி இல்லாமல் வடம் இழுக்கிறவர் மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்து அப்படியே நில்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் வழிந்து ஓடும், பாய் தானாக லேசாகும். சித்திரைத் தேர் முதல் அசைவுக்குத்தான் அத்தனை பேர் வேண்டும், நகர்ந்துவிட்டால் அப்புறம் பிடித்து நிறுத்தத்தான் கட்டை வேண்டும். இதுவும் அப்படி. பாய் மேலே வர வர நீங்கள் நிமிர வேண்டும், இல்லையென்றால் மல்லாக்க விழுவீர்கள்.

20 நாட்டுக்கு மேல் இப்படி நின்றபடி தூக்குவது எல்லோருக்கும் கஷ்டம்தான். அப்போது தண்ணீரிலேயே கிடந்து பாயைக் காற்றுக்குக் கொடுத்து அது நம்மைத் தூக்கி நிறுத்தும் வாட்டர் ஸ்டார்ட் முறையைப் பழக வேண்டும். அதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நாலு நாள் செலவழியுங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால் அதற்குத் தோதான இடம்.

கோளாறு: காற்று எகிறும்போது பாய் கையைப் பிடுங்கி முன்னால் தூக்கி எறிகிறது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நான் ஒரு வருஷம் வீணாக்கியது இதில்தான்.

எந்தக் கை இழுபடுகிறது என்று கவனியுங்கள். காற்று வீசும்போதெல்லாம் பின் கை (பாய்க்கம்பத்திலிருந்து தள்ளி இருக்கும் கை) மட்டும் இழுபட்டால் அது உங்கள் கையின் குறை இல்லை, அடிக்கயிறு, அதாவது டவுன்ஹால், பத்தவில்லை. பாய் ஒரு வளைந்த துணி. அதன் வயிறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இழுப்பின் மையம் இருக்கும். அடிக்கயிறு தளர்வாக இருந்தால் பலத்த காற்றில் அந்த வயிறு பின்னால் நகர்ந்துவிடும், மையமும் கூடவே போகும், பின் கை தாங்காது. அடிக்கயிற்றை நன்றாக இழுத்தால் மரம் (பாயைத் தாங்கும் கம்பம்) வளையும், வயிறு மரத்தை ஒட்டி முன்னாலேயே நிற்கும். பாயின் மேல்பகுதிப் பின் விளிம்பு தளர்ந்து தொங்கும். காற்று எகிறும்போது அந்தத் தளர்ந்த விளிம்பு திறந்து மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். பிரஷர் குக்கரில் வெயிட் தூக்குகிற மாதிரி.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இது கண்ணுக்குப் பிடிக்காது. மணலில் பாயைப் போட்டுப் பார்த்தால் மேலே தொளதொளவென்று, தைக்கத் தெரியாதவன் தைத்த சட்டை மாதிரி இருக்கும். "நல்லா டைட்டா, அழகா இருக்கணும்" என்று அடிக்கயிற்றைத் தளர்த்தி, பாயின் பின்மூலையை இழுக்கும் பின்கயிற்றை இழுத்துவிடுவார்கள். அழகாக இருக்கும், கடலில் ஆளைக் கொல்லும். பாயின் அடிப்பக்கத்திலோ பையிலோ மரத்துப் பக்க நீளம், பூம் (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி) நீளம் இரண்டும் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும். டேப் வைத்து அளந்து அந்த எண்ணுக்கே முதலில் கட்டுங்கள். அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். வெறும் கையால் இழுத்தால் அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டர் வராது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் கயிற்றைச் சுற்றி, மரத்தின் அடியில் காலை ஊன்றி, உட்கார்ந்து சாயுங்கள். நான் கடையிலிருந்து ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கயிறு சரி, இன்னும் எறிகிறது என்றால் விழும் நேரத்தில் நீங்கள் செய்வது தப்பு. பயத்தில் இரண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கிறோம். பைக்கில் விழப்போகும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடுகிறோமே, அதே தப்பு. பின் கையைத் தளர்த்துங்கள், பாய் கதவு மாதிரித் திறந்து காற்று கழிந்துவிடும். முன் கையை மட்டும் விடக்கூடாது. முன் கையை முதலில் விட்டால்தான் பல்டி. ஹார்னஸ் (உடம்பைப் பூமோடு இணைக்கும் கச்சை) கொக்கி மாட்டியிருந்தால் கை விட்டாலும் உடம்பு விடாது, மரத்தோடு சேர்ந்து பறப்பீர்கள். அதனால் எகிறி எகிறி அடிக்கிற நாளில் கொக்கி மாட்டப் புதிதாகப் பழகாதீர்கள்.

கோளாறு: பலகை தன்பாட்டுக்குக் காற்று வரும் பக்கமே திரும்பி நின்றுவிடுகிறது

காற்று வரும் பக்கத்தை மேல்பக்கம் என்றும் போகும் பக்கத்தைக் கீழ்ப்பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். பாயைப் பலகையின் பின்பக்கம் சாய்த்தால் மூக்கு மேல்பக்கம் திரும்பும், முன்பக்கம் சாய்த்தால் கீழ்ப்பக்கம் திரும்பும். இந்தப் பலகைக்குச் சுக்கான் கிடையாது, பாய்தான் சுக்கான். பயந்த உடம்பு பின்னால் போகும், கூடவே பாயும் பின்னால் சாயும், பலகை திரும்பி நிற்கும், நீங்கள் விழுவீர்கள். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கிக்கொள்வது போல.

சரிசெய்ய: முன் காலை மரத்தை ஒட்டி வையுங்கள், எடை அங்கே இருக்கட்டும், முன் கையால் மரத்தை முன்னால் நீட்டிப் பிடியுங்கள். அப்படியும் திரும்பினால் கரைக்கு வந்து மரத்தடியை அதன் காடியில் இரண்டு விரற்கடை முன்னே நகர்த்துங்கள். நடுவில் டேக்கர்போர்டு (தண்ணீருக்குள் இறக்கும் தகடு) உள்ள பழகுபலகை என்றால், வேகம் எடுத்ததும் அதை மடக்கிவிட வேண்டும். கீழே இறக்கியபடியே வேகமாகப் போனால் பலகை ஒரு பக்கம் எழும்பிக் கவிழப் பார்க்கும்.

கோளாறு: போகிறேன், வருகிறேன், ஆனால் கிளம்பிய இடத்துக்கு வர முடியவில்லை

ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்பக்கம் போய், கடைசியில் பலகையை இழுத்துக்கொண்டு கரையோரமாக ஒரு கிலோமீட்டர் நடப்பீர்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன்மார் தலை தூக்கிப் பார்ப்பார்கள். பழகிவிடும்.

டேக்கர்போர்டு இருக்கிற பலகை என்றால் மெதுவாகப் போகும்போது அதை இறக்கினீர்களா என்று பாருங்கள். இல்லாத பலகை என்றால் அடியில் பின்பக்கம் இருக்கும் ஃபின் (மீன் துடுப்பு மாதிரித் தகடு) ஒன்றுதான் பக்கவாட்டு நழுவலைத் தடுக்கிறது, அதுவும் வேகத்தில்தான் வேலை செய்யும். கரை வேண்டுமே என்று மூக்கை ரொம்ப மேலே காட்டினால் வேகம் செத்துப்போகும், வேகம் செத்தால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போவீர்கள். முதலில் காற்றுக்குக் குறுக்கே ஓட்டி வேகம் எடுங்கள், பிறகு சிறிது சிறிதாக மூக்கை ஏற்றுங்கள். காற்றின் திசைக்கு நாற்பத்தைந்து பாகையை ஒட்டிப் போக முடிந்தால் நல்லது, நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. கண் பாயையோ காலையோ பார்க்கக்கூடாது, போக வேண்டிய தென்னை மரத்தைப் பார்க்க வேண்டும். நம்ப மாட்டீர்கள், இதிலேயே பாதி சரியாகிவிடும்.

எல்லாம் செய்தும் நழுவினால் தண்ணீரின் ஓட்டத்தைப் பாருங்கள். மீனவர்கள் நீவாடு என்பார்கள். அது எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். "அண்ணே, நீவாடு எப்படி இருக்கு" என்று ஒரு வார்த்தை கேட்டால் கூடவே நாலு நல்ல விஷயம் சொல்வார்கள்.

ஆழமில்லாத இடத்தில் நடந்து வருவதென்றால் ரப்பர் செருப்பு போடுங்கள், காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்தபடி நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். தேய்த்து நடந்தால் அதுவே விலகிப்போகும், மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும்.

கோளாறு: நன்றாகப் போகும்போது பின்பக்கம் திடீரென்று வழுக்குகிறது

ஈர மொசைக் தரையில் கால் போவது மாதிரி. ஃபினைச் சுற்றிக் காற்று புகுந்து அது பிடியை விட்டுவிட்டது. பின்காலால் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளியதால் வருவது. பின்காலின் எடையைக் குறைத்து, அதை உங்கள் பக்கம் இழுங்கள், திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

அடிக்கடி நடந்தால் இறங்கி ஃபினைத் தடவிப் பாருங்கள். பாக் விரிகுடாவில் கடற்புல் நிறைய. காற்று பலமாக அடித்த மறுநாள் அறுந்த புல் தண்ணீரெங்கும் மிதக்கும், ஃபினில் சுற்றி வைக்கோல் பிரி மாதிரி தொங்கும். பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த ஃபின் ஒன்று வாங்கி வைத்தால் புல் வழுக்கிப் போய்விடும். அந்தப் புல்லைத்தான் கடல்பசு தின்கிறது, இளம் மீனெல்லாம் அதற்குள்தான் வளர்கிறது. அதனால் முழங்கால் தண்ணீரிலேயே ஏறி ஃபினால் தரையை உழுதுகொண்டு போகாதீர்கள், இடுப்பளவு வரை தள்ளிக்கொண்டு போய் ஏறுங்கள். தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் போகக்கூடாது. "கிட்டதானே தெரியுது" என்று ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம்.

கோளாறு: பத்தே நிமிஷத்தில் இரண்டு முன்கையும் (முழங்கைக்குக் கீழே) கல்லாகிவிடுகிறது

பூமை முறுக்கிப் பிடிக்கிறீர்கள். விரலைக் கொக்கி மாதிரி மாட்டித் தொங்கினால் போதும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து மாட்டுத்தாவணியிலிருந்து மானாமதுரை வரை நின்றுகொண்டு போகவில்லையா? பூம் உயரம் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இருக்கட்டும். ஹார்னஸ் போடுபவர் என்றால், கொக்கியை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் லேசாக எடுத்துப் பாருங்கள். பாய் பின்னால் பிடுங்கினால், பூமில் கொக்கி மாட்டும் கயிற்றைப் பின்னால் தள்ளுங்கள், முன்னால் பிடுங்கினால் முன்னால். கையுறை பற்றிக் கேட்பார்கள், தடித்த கையுறை போட்டால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், எனக்கு ஒத்துவரவில்லை. கொப்புளம் வந்து காய்த்துத்தான் ஆக வேண்டும்.

கோளாறு: பூம் மரத்தில் வழுக்கிக் கீழே இறங்குகிறது

சன்ஸ்கிரீன் தடவிய கையால் மரத்தைப் பிடித்திருப்பீர்கள். துடைத்துவிட்டுக் கட்டுங்கள். அப்படியும் இறங்கினால் உங்கள் மரம் மெல்லிய வகை, பூம் தடித்த மரத்துக்கானது. இரண்டுக்கும் நடுவில் போடும் வளையம் கேட்டு வாங்குங்கள்.

கோளாறு: மரம் பலகையிலிருந்து கழன்றுவிட்டது

இது கடலுக்குள் நடந்தால் மேலே சொன்ன எல்லாம் சிரிப்புக்குரிய விஷயங்கள்.

மரத்தையும் பலகையையும் இணைப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் மூட்டு. முழு இழுப்பும் அதன் வழியாகத்தான் போகிறது. உப்பிலும் வெயிலிலும் கிடந்து அது உள்ளுக்குள் வெடித்திருக்கும், மேலே தெரியாது. ஒவ்வொரு தடவையும் இறங்கும் முன் அதை நாலு பக்கமும் மடக்கி, வெளிச்சத்தில் காட்டி, நகத்தால் கீறிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பட்டையோ கயிறோ இருக்கும், மூட்டு அறுந்தாலும் இரண்டையும் பிரியவிடாமல் பிடிக்க. அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. இரண்டாங்கையில் வாங்கிய சாமான், பட்டையை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எதற்கோ அறுத்து எடுத்திருந்தார். ஆடி மாதம், தெற்குக் காற்று, நான் நின்றது வடக்குக் கரை. மேலே எழுதினேனே, கூடாது என்று, அதையேதான் செய்தேன். கரையோரம் பனை மரமும் தென்னையும் மறைத்ததால் காற்று சாதுவாகத் தெரிந்தது. முந்நூறு மீட்டர் தள்ளிப் போனதும் மறைப்பு விட்டது, முழுக்காற்று. அடுத்த வீச்சில் காலடியில் ஒரு 'பொட்', நான் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பலகையைப் பிடிப்பது. அது மிதக்கும், அதை விட்டு நீந்திக் கரைக்குப் போகலாம் என்று நினைத்தவர்கள்தான் திரும்பி வராதவர்கள். நான் பலகையைப் பிடித்தேன், மல்லாக்கப் போன பாயை அப்படியே விட்டேன். குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டேன், காற்று எதிரே, கரை அப்படியே நின்றது. கரையில் நின்ற மைத்துனர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். அவர் ஓடிப்போய்ச் சொல்லி ஒரு வள்ளம் வந்தது. வள்ளத்தில் வந்த பெரியவர் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, அறுந்த மூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, ஆட்டைக்கூட கயிறு போட்டுத்தான கட்டுறோம்?"

அன்றிலிருந்து மூட்டுக்குப் பக்கத்தில் இரட்டை நைலான் கயிறு கட்டாமல் இறங்குவதில்லை. உயிர்காப்புச் சட்டை, கழுத்தில் விசில், தண்ணீர் புகாத பையில் போன், கரையில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள். கரையில் நிற்பவரின் போனில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: கடலோரக் காவல் படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

மூட்டு நன்றாக இருந்து காற்று மட்டும் உங்கள் கையை மீறிப் போனால், பாயைத் தண்ணீரில் போட்டுவிட்டு பலகை மேல் உட்கார்ந்து விடுங்கள். தண்ணீரில் கிடக்கும் பாயே நங்கூரம் மாதிரி வேகத்தைக் குறைக்கும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பக்கவாட்டில் மெதுவாக இறக்கி ஏற்றினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். ஒற்றைக் கையை ஆட்டாதீர்கள், கரையிலிருந்து அவர்களும் டாட்டா காட்டுவார்கள்.

கோளாறு: பாய் இரண்டு வருஷத்தில் அப்பளம் மாதிரி உடைகிறது

கடலில் போனது இல்லை, மதுரையில் போனது. பாயின் கண்ணாடி போன்ற பகுதி வெயிலில் நொறுங்கிவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் காய வைக்கிறேன் என்று மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் விரித்துவிட்டு மறந்தால், வடகம் காயும் இடத்தில் பாயும் சேர்ந்து வடகமாகிவிடும். நிழலில் காய வைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

கோளாறு: வீட்டுக்குக் கிளம்பும் நேரம், மரம் இரண்டாகப் பிரிய மாட்டேன் என்கிறது

நாலே கால் மீட்டர் மரம், நடுவில் இரண்டு துண்டாகப் பிரியும். இணைப்புக்குள் மணல் போயிருந்தால் பிரியாது. சுத்தியல் எடுக்காதீர்கள், கார்பன் மரம் தட்டினால் விரிசல் விடும். எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள், அடுத்த முறை இரண்டு மடங்கு மணல் ஒட்டும். இது மோட்டார் ஷாஃப்ட் இல்லை, எனக்கே புரிய நாளாயிற்று. இணைப்பில் நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி மணலைக் கழுவுங்கள். பூமை ஒரு துண்டில் மாட்டினால் அது நல்ல நெம்புகோல். ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுதுண்டை இழுக்காமல் முறுக்க வேண்டும், முறுக்கினால்தான் வரும்.

ஒருமுறை அதற்கும் வரவில்லை. மரத்தை அப்படியே காரின் கூரை மேல் கட்டி, முன்னேயும் பின்னேயும் சிவப்புத் துணி தொங்கவிட்டு, ராமநாதபுரத்தில் ஒரு டீ, பரமக்குடியில் ஒரு டீ என்று ஊர் வந்து சேர்ந்தோம். எங்கள் சந்தில் திருப்ப முடியவில்லை. தெருமுனையிலேயே இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால், பக்கத்து வீட்டு அக்கா "என்ன தம்பி, பந்தக்காலா? யாருக்குக் கல்யாணம்?" என்கிறார். ராத்திரி முழுக்க இணைப்பில் ஈரத்துணி சுற்றி வைத்தேன். காலையில் நானும் மைத்துனரும் ஒரு முறுக்கு முறுக்கினோம், வந்துவிட்டது. உள்ளே ஒரு தேக்கரண்டி மணல்.

இப்போதெல்லாம் மாட்டும் முன் இரண்டு முனையையும் கழுவித் துடைத்து, மாட்டியதும் இணைப்பின் மேல் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றிவிடுகிறேன். கடையில் அது எப்போதும் இருக்கும்.